ஒரு பீஸ்கூட மாட்டவில்லை

எங்கள் வீட்டிலிருந்து மூன்று பேர் ஒரே தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறோம். கேட்கிறவர்கள் எல்லாம் "நல்ல வசதிதான், ஒரே காரில் போயிடலாம்" என்கிறார்கள். அவர்களை ஒரே ஒரு வாரம் அந்தக் காரில் ஏற்றிவிட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. ஓட்டுவது என் வீட்டுக்காரர், உற்பத்திப் பிரிவு மேனேஜர். அவர் பக்கத்தில் அவருடைய அக்கா, அதாவது என் நாத்தனார், இரண்டாம் நம்பர் பிரஸ்ஸின் ஆபரேட்டர். பின்சீட்டில் மூன்று சாப்பாட்டுப் பைகளோடு நான். மெஷின்களின் சேஃப்டி கன்ட்ரோலர்களுக்கு நான்தான் பொறுப்பு. மெஷின் ஓடினால் அது அவர் திறமை. வேகமாக ஓடினால் நாத்தனார் திறமை. நின்றால் மட்டும் அது என் மெஷின்.

மூன்று வாரமாக அது நின்றுகொண்டே இருந்தது.

அந்த பிரஸ் கதவுக்குப் போடுகிற கீல்களுக்குத் தகடு அடிக்கிறது. தகடு தானாக உள்ளே ஊர்ந்து வரும். மேலிருந்து ராம் என்கிற இரும்புப் பாளம் இறங்கி அடிக்கும். அடித்த பீஸைக் காற்று ஊதி வெளியே தள்ளும். நாளுக்கு இருபது, முப்பது பீஸ் வெளியே வராமல் டை என்கிற அச்சுக்குள் மாட்டிக்கொள்ளும். அதைக் கையால்தான் எடுக்க வேண்டும். கை போகிற வழியில் இந்தப் பக்கம் ஒரு தூண், அந்தப் பக்கம் ஒரு தூண், நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை. கை அதில் பட்டதும் கன்ட்ரோலர் பிரேக்கைப் போட்டு ராமை நடுவழியிலேயே நிறுத்திவிடும்.

புத்தியுள்ளவர்கள் என்ன செய்வார்கள்? முதலில் ஸ்டாப் பட்டனை அழுத்துவார்கள், ராம் நின்றுவிட்டதா என்று பார்ப்பார்கள், அப்புறம் கையை விடுவார்கள். என் நாத்தனாருக்கு ஸ்டாப் பட்டன் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஓடுகிற மெஷினுக்குள் விருட்டென்று கையை விடுவார். திரை பார்த்து நிறுத்தும். பீஸைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஸ்டார்ட்டைத் தட்டுவார். அவ்வளவு வேகமாக அந்த பிரஸ்ஸை ஓட்ட வேறு ஆள் இல்லை என்பது உண்மை, அந்தப் பெருமையும் அவருக்கு உண்டு. நான் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர்தான் வற்றியது. "நிறுத்தத்தானே அதை வச்சிருக்கே? அப்புறம் நான் எதுக்கு நிறுத்தணும்?" என்று ஒரே கேள்வியில் என் வாயை அடைத்துவிடுவார்.

அந்த கன்ட்ரோலரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். அது ரோந்து சுற்றுகிற வாட்ச்மேன் மாதிரி. திரையைப் பார்க்கும், கதவைப் பார்க்கும், பட்டனைப் பார்க்கும், பிரேக்கை விடலாமா போடலாமா என்று முடிவு செய்யும், மறுபடி முதலிலிருந்து. ஒரு சுற்றை இருபது மில்லிசெகண்டுக்குள் முடிக்க வேண்டும் என்று நான் வைத்திருந்தேன். முடியாவிட்டால், என்னால் ஒழுங்காகக் காவல் காக்க முடியவில்லை என்று அதுவே மெஷினை நிறுத்திவிடும். தன்னால் முடியாததை முடியாது என்று ஒப்புக்கொள்கிற ஒரே ஜீவன் எங்கள் தொழிற்சாலையில் அதுதான்.

மூன்று வாரமாக அது அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ஷிஃப்டுக்கு ஏழெட்டு தடவை, கையும் இல்லை காலும் இல்லை, மெஷின் தானாக ட்ரிப் ஆகி நிற்கும். என்ன காரணம் என்று பார்க்க எனக்கு அரை நாள் மெஷின் வேண்டும் என்று கேட்டேன். திங்கட்கிழமை முதலாளி கஸ்டமர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறார், அரை நாள் என்ன, அரை மணி நேரம்கூட முடியாது என்றார் என் வீட்டுக்காரர். சரி, நிற்கிற நேரத்தையெல்லாம் கூட்டிப் பாருங்கள், அரை நாளுக்கு மேலேயே வரும் என்றேன். அதற்கு அவர் கார் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

காரில் காலையும் மாலையும் நாத்தனாரின் கச்சேரி. உன் பெட்டி தும்மினால் நிற்கிறது, இருமினால் நிற்கிறது, நான் என்ன மெஷின் ஓட்டுகிறேனா இல்லை குழந்தைக்கு நடை பழக்குகிறேனா என்று ஆரம்பித்தால் கேட் வரைக்கும் ஓயாது. பார்க்கிறவர்களெல்லாம் எனக்கு வைத்தியம் சொன்னார்கள். டைமை ஏற்றிவிடு, இருபதை அறுபதாக்கு, பிரச்சினை தீர்ந்தது. காய்ச்சல் அடித்தால் தெர்மாமீட்டரை உடைத்துவிடு என்கிற வைத்தியம். ஏற்றக் கூடாது என்றேன். ஏன் என்று கேட்டார்கள். சொன்னேன். சொல்ல ஆரம்பித்ததும் எல்லோருக்கும் வேறு வேலை வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை என்னைப் பக்கத்துக் கட்டடத்தில் புது லிஃப்டைப் பார்க்க அனுப்பிவிட்டார்கள். சனிக்கிழமையும் அங்கேயே போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது நாத்தனார் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

நேற்று மாதிரி ஒரு நாள் இந்த வேலைக்கு வந்ததிலிருந்து பார்த்ததில்லை என்றார். காலையிலிருந்து சாயங்காலம் வரை மெஷின் தண்ணீர் மாதிரி ஓடியதாம். ஒரு ட்ரிப் இல்லை. புதுசாக வந்த தகடு, எண்ணெய் நன்றாகப் பிடிக்கிறதாம், ஒரு பீஸ்கூட மாட்டவில்லையாம். "உள்ள கையே விடலன்னா பாத்துக்கோயேன்" என்று சொல்லிவிட்டு எனக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தார். அவர் எனக்குப் பரிமாறினால் ஏதோ ஒரு விஷயத்தில் நான் தோற்றிருக்கிறேன் என்று அர்த்தம்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தண்ணீர் டம்ளரைப் பார்த்தார்.

என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். ஒன்றும் இல்லை, பெட்டியைத் திறந்து தூசி தட்டினேன், ஃபேனில் அழுக்கு என்றார். பதினாறு வருஷமாக வீட்டு ஃபேனைத் துடைக்காத மனிதர். எனக்கு அப்போதே சந்தேகம் வந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலை பூட்டிக் கிடக்கும், மெஷின் ஓடாது. விடிந்ததும் முதல் வேலை அதுதான் என்று வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காரை விட்டு இறங்கியதும் சாப்பாட்டுப் பைகளைக்கூட வைக்காமல் நேராக கன்ட்ரோல் பேனலுக்குப் போய் லேப்டாப்பை மாட்டினேன். சுற்று நேரம் அறுபது. மாற்றிய நாள் வெள்ளிக்கிழமை, சாயங்காலம். மாற்ற பாஸ்வேர்ட் வேண்டும். அந்த பாஸ்வேர்ட் எங்கள் கல்யாண தேதி. அவருக்கு ஜென்மத்துக்கும் ஞாபகம் வராத தேதி என்றுதான் அதை வைத்திருந்தேன். ஒரு வருஷமாவது ஒரு முழம் பூ, ஒரு வாழ்த்து, ஒன்றும் கிடையாது. இதற்கு மட்டும் மனிதருக்கு டாண் என்று ஞாபகம் வந்திருக்கிறது.

இன்னும் கொஞ்சம் கீழே போய்ப் பார்த்தேன். காரணம் அங்கே இருந்தது. வாசல் பக்கத்துச் சுவரில் மூன்று வாரத்துக்கு முன்னால் முதலாளி ஒரு பெரிய டிவி மாட்டச் சொன்னார். எத்தனை பீஸ் அடித்தாயிற்று என்று பெரிய பெரிய எண்ணில் அதில் ஓடும், வருகிறவர்கள் பார்த்து அசந்துபோக வேண்டும். அந்த எண்ணிக்கையைக் கூட்டி, சராசரி போட்டு, டிவிக்கு அனுப்புகிற வேலையை என் வீட்டுக்காரர் இந்த சேஃப்டி கன்ட்ரோலர் தலையில் கட்டியிருந்தார். கையைக் காவல் காக்க வேண்டிய வாட்ச்மேனை உட்கார வைத்துக் கணக்கு எழுதச் சொல்லியிருக்கிறார். அப்புறம் ரோந்துக்கு நேரம் பற்றவில்லை என்றால்? இத்தனைக்கும் அதே பெட்டியில், ஒரு முழம் தள்ளி, சாதாரண கன்ட்ரோலர் ஒன்று பாதி நேரம் சும்மா இருக்கிறது. அதற்கு ஒரு ஒயர் இழுக்க வேண்டும். அந்த ஒயரை இழுக்க அலுப்பு.

அதற்குள் பின்னால் நாத்தனார் ஸ்டூலில் உட்கார்ந்து மெஷினை ஸ்டார்ட் செய்துவிட்டார். நான் ஓடிப்போய்ச் சிவப்புக் குமிழை ஓங்கி அடித்தேன். மெஷின் நின்றது. நாத்தனார் நிற்கவில்லை. ஒரு நாள் நிம்மதியாக ஓடியது பொறுக்கவில்லையா உனக்கு, கஸ்டமர் வருகிற நாளாகப் பார்த்து மானத்தை வாங்கத்தான் வந்தாயா என்று ஷெட் முழுக்கக் கேட்கிற மாதிரி பொரிந்து தள்ளினார். என் வீட்டுக்காரர் கையில் டீயோடு ஓடி வந்தார்.

"அறுபதுன்னு யார் வச்சது?" என்று கேட்டேன்.

அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, மெதுவாகப் பேசு என்றார். அப்புறம் நாற்பது மில்லிசெகண்ட் தானே என்றார். நாற்பது இல்லை, எண்பது என்றேன். கன்ட்ரோலர் திரையைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பின அடுத்த கணமே கை உள்ளே போனால், அது ஒரு சுற்று சுற்றி வந்துதான் கையைப் பார்க்கும், பிரேக் போட இன்னொரு சுற்று. கூட்டியது நாற்பது என்றால் மோசமான நேரத்தில் அது இரண்டு மடங்கு.

"எண்பதே இருக்கட்டும். கண்ணிமைக்கிற நேரம்கூட இல்லை. இதுக்காகவா மெஷினை நிறுத்துவே?"

இந்தக் கண்ணிமைக்கிற நேரத்தை நான் எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். கண் இமைப்பதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். வேகமாக விடுகிற கை எண்பது மில்லிசெகண்டில் பதினாறு சென்டிமீட்டர் போகும். அந்தக் கணக்கை வைத்துத்தான், இருபது என்கிற நேரத்துக்கு இவ்வளவு தூரம் என்று டேப் வைத்து அளந்து, திரையின் தூண்களை நான் நிற்க வைத்தேன். நேரத்தை ஏற்றினால் தூண்களையும் பதினாறு சென்டிமீட்டர் பின்னால் தள்ள வேண்டும். தள்ள முடியாது, தகடு வருகிற மேஜை இடிக்கும். நேரத்தை ஏற்றினாரே, தூணைப் பற்றி ஒரு நிமிஷம் நினைத்தாரா? அது லேப்டாப்பில் ஓர் எண், இது தரையில் போல்ட் போட்ட இரும்பு, இரண்டுக்கும் என்ன உறவு என்று விட்டுவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த டீயைப் பிடுங்கிக் கொட்டியிருப்பேன்.

சனிக்கிழமை முழுக்க ஓடியதே, என்ன ஆகிவிட்டது என்றார் அவர். நாத்தனாரும் அதையே கேட்டார்.

பேசிப் பிரயோஜனம் இல்லை என்று நாத்தனாரிடம் அவர் கையுறையைக் கேட்டேன். எதற்கு என்றார். கொடுங்கள் அக்கா என்றேன். வலது கையுறையைக் கழற்றி, உன் கூத்தை நடத்து என்கிற மாதிரி என் பக்கம் வீசினார். அதற்குள் எண்ணெய் துடைக்கிற பழந்துணியைத் திணித்து, ஒரு நீளக் குச்சியின் நுனியில் கட்டினேன். தகட்டை எடுக்கச் சொன்னேன். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு மெஷினை ஓட விட்டேன். ராம் இறங்குகிற நேரம் பார்த்து, நாத்தனார் விடுகிற வேகத்தில் கையுறையை உள்ளே விட்டேன்.

ராம் கையுறைக்கு மேலே நின்றுவிட்டது.

என் வீட்டுக்காரர் ஒரு வாய் டீ குடித்தார். மறுபடி செய்தேன். மறுபடியும் நின்றது. நாத்தனார், மேடம் படித்த படிப்புக்கு மெஷினே மரியாதை கொடுக்கிறது என்று பக்கத்து மெஷின்காரரிடம் சொல்ல, அவர் சிரித்தார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. இதுதான் இந்த விஷயத்தில் இருக்கிற பெரிய இம்சை. தப்பு ஒவ்வொரு தடவையும் தன்னைக் காட்டிக்கொண்டால் யாரும் அதைச் செய்ய மாட்டார்கள். பத்து தடவை நல்ல பிள்ளையாக நடித்துவிட்டுப் பதினோராவது தடவை காட்டும். நேரம் ஆகிறது, கஸ்டமர்கள் கிளம்பிவிட்டார்களாம், போதும் விடு என்றார் அவர்.

மூன்றாவது தடவை விட்டேன்.

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. மெத்தென்று ஒரு சத்தம், குச்சி முறிகிற சத்தம், அப்புறம் பிரேக் பிடித்து ராம் நின்றது. கொஞ்சம் தாமதமாக நின்றது, அவ்வளவுதான். மெஷினை அணைத்துப் பூட்டிவிட்டு ராமை மேலே ஏற்றிக் கையுறையை எடுத்தேன். மணிக்கட்டு வரை தட்டையாக இருந்தது. கீல் தகட்டில் விழுகிற நான்கு ஓட்டைகளும் உள்ளங்கையில் சுத்தமாக விழுந்திருந்தன.

பக்கத்து மெஷின்காரர் சிரிப்பை நிறுத்தியிருந்தார். நாத்தனார் என் கையிலிருந்து அதை வாங்கினார். ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்தார். தன் வலது கையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மூன்று வாரமாக அவரைத் திட்டுவதற்காகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. தம்பியைப் பார்த்து மெதுவாகத்தான் கேட்டார்.

"வெள்ளிக்கிழமையே மாத்திட்டியா?"

அவர் தலையை ஆட்டினார்.

"சனிக்கிழமை முழுக்க நான் இதுலதானே உக்காந்திருந்தேன்."

அவர் அந்தத் தட்டைக் கையுறையைப் பார்த்தார்.

"ஒரு பீஸ்கூட மாட்டலடா" என்றார் நாத்தனார். "ஒண்ணே ஒண்ணு மாட்டியிருந்தா?"

என் வீட்டுக்காரர் டீ டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் தரையில் வைத்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. சின்ன வயதில் அப்பா போன பிறகு இந்த அக்காதான் வேலைக்குப் போய் அவரைப் படிக்க வைத்தார். அந்த வலது கை போட்ட சோறுதான் அவர் உடம்பு. அவர் கெட்டவர் இல்லை. ஒரு பக்கம் முதலாளி, ஒரு பக்கம் அக்கா, இருவருடைய வாயையும் ஒரே எண்ணால் அடைத்துவிடலாம் என்று பார்த்தார். அந்த அக்காவின் நிம்மதிக்காகத்தான் அதையும் செய்தார். அதை நினைத்தால் எனக்குக் கோபம் இன்னும்தான் அதிகமாகிறது.

அவரே பேனலுக்குப் போனார். நான் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, எண்ணிக்கை போடுகிற பகுதி முழுவதையும் கன்ட்ரோலரிலிருந்து நீக்கினார். நேரத்தை மறுபடி இருபதாக்கினார். அவசரத்தில் ஒரு பூஜ்யம் கூடி இருபது என்பது இருநூறு என்று விழ, என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு திருத்தினார். வேறு குச்சி, வேறு கையுறை கட்டி முப்பது தடவை விட்டுப் பார்த்தேன். முப்பது தடவையும் ராம் மேலேயே நின்றது. முப்பதிலும் ஒரு ட்ரிப் இல்லை. கணக்கு எழுதுகிற வேலை போனதும் வாட்ச்மேன் பாட்டுக்கு ரோந்து சுற்றினான். இதற்குத்தான் அந்த அரை நாளைக் கேட்டேன். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

முதலாளி கஸ்டமர்களோடு வந்தபோது சுவரில் டிவி கறுப்பாக இருந்தது. என்ன இது என்று என் வீட்டுக்காரரை முறைத்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் ஸ்டூலிலிருந்தே, "கவுண்ட் வேணும்னா சாயங்காலம் பீஸ் பெட்டிய எண்ணிச் சொல்றேன் சார்" என்றார். சொல்லிவிட்டு அந்தத் தட்டைக் கையுறையை மெஷின் மேல், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி எடுத்து வைத்தார். வந்தவர்களில் ஒரு பெரியவர் அதை எடுத்துப் பார்த்தார். டிவியைப் பற்றி அதற்கப்புறம் பேச்சு வரவில்லை.

மத்தியானம் ஒரு பீஸ் மாட்டியது. நான் பேனல் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பழக்கதோஷம், நாத்தனாரின் கை விருட்டென்று கிளம்பியது. பாதி வழியில் நின்றது. அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் ஸ்டாப் பட்டனைத் தேடினார். எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை அவருக்கு. கண்டுபிடித்து அழுத்தி, ராம் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பீஸை எடுத்தார். திரும்பினால் நான் நிற்கிறேன்.

"என்ன பாக்குறே? போய் வேலையைப் பாரு" என்றார்.

போனேன். பேனல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் பின்னால் நின்று அழுதேன். எரிச்சலாகவும் இருந்தது. எத்தனையோ வருஷமாக நான் வாயால் சொன்னதை ஒரு பழந்துணி சொன்னால்தான் கேட்பேன் என்கிறார்களே.

சாயங்காலம் காரில் நாத்தனாரின் கச்சேரி இல்லை. ரேடியோவும் இல்லை. பாதி தூரம் வந்த பிறகு என் வீட்டுக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, பாஸ்வேர்டை மாற்றிவிட்டாயா என்று கேட்டார். மாற்றிவிட்டேன் என்றேன். இந்தத் தடவை என்ன தேதி என்றார், கொஞ்சம் சமாதானக் குரலில்.

"சனிக்கிழமை தேதி" என்றேன்.

நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டினார். இந்தத் தேதி அவருக்கு மறக்காது என்று எனக்குத் தெரியும். அதை டைப் அடிக்கக் கை வராது என்றும் தெரியும். மறுநாள் ஒயர் இழுக்க அவரையே வரச் சொல்லியிருக்கிறேன்.